மூன்று பால், ஸ்ட்ரைக் இல்லை: பேஸ்பாலின் எழுதாத விதி ஒன்று மீறப்பட்ட இரவு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

2020 ஆகஸ்ட் 17, திங்கட்கிழமை இரவு. டெக்சஸ் மாநிலம் ஆர்லிங்டனில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியும் சான் டியேகோ பாட்ரெஸ் அணியும் மோதிய மேஜர் லீக் ஆட்டம். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டம் அதுதான். ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் பாட்ரெஸ் அணியின் 21 வயது ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுகளுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்) ஒரு பந்தை அடித்தார். விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் அதில் ஒரு தவறும் கிடையாது. ஆனாலும் எதிரணி மேலாளர் மனம் கசந்தார். சொந்த அணி மேலாளர் விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. அடுத்து ஆட வந்தவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பந்து பறந்தது. மறுநாள் இரண்டு பேருக்குத் தடை விதிக்கப்பட்டது.

இதில் சம்பந்தப்பட்ட யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. யார் நல்லவர், யார் கெட்டவர் என்பது இங்கே கேள்வி இல்லை. சில நிமிடங்களுக்குள் ஒவ்வொருவரும் என்ன முடிவெடுத்தார், ஏன் எடுத்தார், அதற்கான விலையை யார் கொடுத்தார் என்பதுதான் கேள்வி.

பின்னணி

பேஸ்பாலில் பந்து எறிபவரை பிட்சர் என்பார்கள். அவர் எறியும் பந்து ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போய், பேட்டரும் அதை அடிக்க முயலாமல் விட்டால் அது 'பால்'. எல்லைக்குள் வந்தும் அடிக்காமல் விட்டாலோ, அடிக்க முயன்று தவறவிட்டாலோ அது 'ஸ்ட்ரைக்'. பேட்டர் மூன்று பேஸையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்குத் திரும்பினால் ஒரு ரன். நான்கு பால் சேர்ந்தால் பேட்டர் ஓசியில் முதல் பேஸுக்குப் போகலாம். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட். ஆக, மூன்று பால் விழுந்து ஒரு ஸ்ட்ரைக்கும் விழாத நிலையில் பிட்சருக்கு வேறு வழி இல்லை. அடுத்த பந்தை நடுவில் எறிந்தே ஆக வேண்டும். அடிப்பதற்கு அதைவிட வசதியான பந்து கிடைக்காது.

இங்கேதான் எழுதாத விதி நுழைகிறது. உன் அணி பெரிய முன்னிலையில் இருக்கிறது, ஆட்டம் முடியப்போகிறது என்றால் அந்தப் பந்தை அடிக்காமல் விட்டுவிடு. தோற்றுக்கொண்டிருப்பவனை மேலும் மிதிக்காதே. இதற்குப் பங்காளிகளாக இன்னும் பல விதிகள் உண்டு. பெரிய முன்னிலையில் பேஸ் திருடக் கூடாது, அதாவது பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடக் கூடாது. ஹோம் ரன் அடித்துவிட்டு, அதாவது பந்தை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டு, நின்று ரசிக்கக் கூடாது. எதிரணி பிட்சர் ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து பேஸை அடைவது) கொடுக்காமல் ஆட்டத்தை முடிக்கப் போராடும்போது, பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடும் 'பன்ட்' ஆட்டத்தால் அதைக் கெடுக்கக் கூடாது. 2001 மே 26 அன்று இதே பாட்ரெஸ் அணியின் கேட்சர் ஒருவர், அரிசோனா பிட்சர் எட்டாவது இன்னிங்ஸ் வரை ஒருவரையும் பேஸுக்கு விடாமல் வந்திருந்த நேரத்தில் பன்ட் செய்து முதல் பேஸை அடைந்தார். அப்போது பாட்ரெஸ் வெறும் இரண்டு ரன்தான் பின்தங்கியிருந்தது. ஆட்டம் கைநழுவிவிட்டது என்று சொல்லவே முடியாது. அப்படியும் அவரைக் கண்டித்தவர்கள் உண்டு.

இந்த விதிகள் வெறும் பகட்டு என்று நான் நினைக்கவில்லை. பேஸ்பாலில் ஆட்டத்தை முடித்துவைக்கும் கடிகாரம் கிடையாது. எதிரணியை 27 முறை அவுட்டாக்கினால்தான் ஆட்டம் முடியும். தோற்கிற அணி எவ்வளவு கேவலமாகத் தோற்றாலும் கடைசி அவுட் வரை களத்தில் நின்றாக வேண்டும். அப்படி நிற்பவர்களுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டுவது நல்ல வழக்கம்தான். சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. எது பெரிய முன்னிலை என்று யாரும் வரையறுக்கவில்லை. மீறினால் என்ன தண்டனை என்பதும் எழுதப்படவில்லை. நடைமுறையில் அந்தத் தண்டனை மணிக்கு 145 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் உடம்பை நோக்கி வரும் ஒரு பந்து.

அந்த இரவைப் பற்றி இன்னும் சில விவரங்கள். கொரோனா காரணமாக அந்த ஆண்டுப் பருவம் 60 ஆட்டங்களாகச் சுருக்கப்பட்டிருந்தது. புதிதாகக் கட்டிய அரங்கில் பார்வையாளர்கள் இல்லை. பாட்ரெஸ் மேலாளருக்கு அதுதான் மேலாளராக முதல் ஆண்டு. அதற்கு முன் பல ஆண்டுகள் ரேஞ்சர்ஸ் அமைப்பில்தான் வேலை பார்த்தவர், எதிர் டக்அவுட்டில் (அணியினர் உட்காரும் இடம்) இருந்தவர்கள் அவருடைய பழைய சகாக்கள். அடித்த இளைஞர் பேஸ்பால் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய தந்தை 1999 ஏப்ரல் 23 அன்று ஒரே இன்னிங்ஸில் இரண்டு கிராண்ட் ஸ்லாம் அடித்தவர். மூன்று பேஸிலும் ஆட்கள் நிற்கும்போது அடித்து நான்கு ரன் சேர்க்கும் ஹோம் ரன்தான் கிராண்ட் ஸ்லாம். மேஜர் லீக் வரலாற்றில் வேறு யாரும் அதைச் செய்ததில்லை.

அன்று நடந்தது

ஏழாவது இன்னிங்ஸில் அந்த இளைஞர் ஏற்கெனவே மூன்று ரன் ஹோம் ரன் ஒன்றை அடித்திருந்தார். எட்டாவது இன்னிங்ஸில் அவர் மீண்டும் ஆட வந்தபோது பாட்ரெஸ் 10, ரேஞ்சர்ஸ் 3. ஒருவர் அவுட், மூன்று பேஸிலும் ஆட்கள். ரேஞ்சர்ஸ் பிட்சர் வரிசையாக மூன்று பந்துகளை எல்லைக்கு வெளியே எறிந்தார். மூன்று பால், ஸ்ட்ரைக் இல்லை.

பாட்ரெஸ் டக்அவுட்டிலிருந்து 'விட்டுவிடு' என்ற சைகை வந்தது. அந்த இளைஞர் அதைக் கவனிக்கவில்லை. நான்காவது பந்து நடுவே வந்தது, அவர் மட்டையை வீசினார், பந்து வலது பக்க வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. கிராண்ட் ஸ்லாம். 14-3. அவர் கணக்கில் அந்த ஆட்டத்தில் மட்டும் ஏழு ரன்.

ரேஞ்சர்ஸ் மேலாளர் களத்துக்கு வந்து பிட்சரை மாற்றினார். புதிதாக வந்தவர் எறிந்த முதல் பந்தே அடுத்த பேட்டரின் முதுகுக்குப் பின்னால் போனது. பேஸ்பால் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். எதிரே பந்து வருவதைக் கண்டால் பேட்டர் இயல்பாகவே பின்வாங்குவார். அதனால் முதுகுக்குப் பின்னால் எறியும் பந்து, நேரே எறிவதைவிடச் சில நேரம் மோசமானது. விலகுவதாக நினைத்து அவரே அதன் பாதையில் போய் நின்றுவிடக்கூடும். அன்று பந்து அவர்மேல் படவில்லை. ஆட்டம் 14-4 என்று முடிந்தது.

முதுகுக்குப் பின்னால் பந்து போனது கிராண்ட் ஸ்லாம் அடித்தவருக்கு அல்ல. வரிசையில் அடுத்து நின்றவருக்கு. அவர் எந்த விதியையும், எழுதியதோ எழுதாததோ, மீறவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பாட்ரெஸ் மேலாளரின் முதல் முடிவு, சைகை கொடுத்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். வழக்கமாகத் தங்கள் பேட்டர்கள் பலருக்கும் அந்த நிலையில் அடிக்க அனுமதி உண்டு என்றும், அன்று முன்னிலை வசதியாக இருந்ததால் ரன்களைக் குவிக்க விரும்பவில்லை என்றும் ஆட்டம் முடிந்ததும் சொன்னார். இரக்கம் காட்டுவதென்று முடிவெடுக்க வேண்டியவர் மேலாளர்தான். அந்தச் சுமை 21 வயதுக்காரர் தலையில் இருக்கக் கூடாது.

அவரது இரண்டாவது முடிவுதான் எனக்கு உறுத்துகிறது. அன்றிரவே ஊடகங்களிடம், தன் வீரர் சைகையைத் தவறவிட்டார், இது அவருக்குக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, இதிலிருந்து வளர்வார் என்றார். சொற்கள் மென்மையானவைதான். ஆனால் அந்த நேரத்தில் அவருடைய இன்னொரு வீரரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பந்து போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. எதிரணி செய்ததைப் பற்றி முதலில் பேசியிருக்க வேண்டும். உள்ளே, உடைமாற்றும் அறையில் சொல்ல வேண்டியது வெளியே வந்தது. வெளியே சொல்ல வேண்டியது பின்னுக்குப் போனது.

ரேஞ்சர்ஸ் மேலாளர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். எட்டாவது இன்னிங்ஸில் ஏழு ரன் முன்னிலையில் அப்படி அடித்தது தனக்குப் பிடிக்கவில்லை, தாங்கள் எல்லோரும் வளர்க்கப்பட்ட விதம் அது என்றார். கூடவே, வழக்கங்கள் நாள்தோறும் கேள்விக்கு உள்ளாகின்றன என்றும் ஒப்புக்கொண்டார். இதில் நேர்மை இருக்கிறது. ஆனால் 'வளர்க்கப்பட்ட விதம்' என்பது ஏழு ரன் முன்னிலையில் ஆட்டம் முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. 2001 ஆகஸ்ட் 5 அன்று கிளீவ்லாந்து அணி 14-2 என்று பின்தங்கியிருந்தது. எதிரே அந்த ஆண்டு 116 ஆட்டங்களை வென்ற சியாட்டில். அப்படியும் 11 இன்னிங்ஸில் 15-14 என்று கிளீவ்லாந்து ஜெயித்தது. பன்னிரண்டு ரன்னே எட்டிப்பிடிக்கக்கூடிய தூரம் என்றால், ஏழு ரன் முன்னிலையில் இருப்பவரைப் பார்த்து 'போதும், நிறுத்து' என்று எந்த அளவுகோலை வைத்துச் சொல்வது? அதைச் சொல்கிற அணி, தான் மட்டும் மீண்டுவரும் முயற்சியை நிறுத்திக்கொள்வதும் இல்லை.

இளைஞர் என்ன சொன்னார்? சின்ன வயதிலிருந்தே இந்த ஆட்டத்தில் இருக்கிறேன், எழுதாத விதிகள் நிறையத் தெரியும், இதில் மட்டும் எனக்குக் குழப்பமாகிவிட்டது, அடுத்த தடவை ஒரு பந்தை விட்டுவிடுவேன் என்ற பொருளில் பேசினார். மேஜர் லீக் வீரரின் மகனாகப் பிறந்து, டக்அவுட்டிலேயே வளர்ந்த ஒருவருக்கே குழப்பம் என்றால், வேறு நாட்டிலிருந்து, வேறு மொழி பேசிக்கொண்டு இந்த லீக்குக்கு வருகிற ஒரு பையனுக்கு இதை யார் சொல்லித்தருவார்?

அப்புறம், பந்தை எறிந்தவரின் முடிவு. அவர் மனதில் இருந்தது எனக்குத் தெரியாது. லீக் நிர்வாகம் அதை வேண்டுமென்றே எறிந்த பந்து என்று தீர்மானித்தது. அவருக்கு மூன்று ஆட்டத் தடையும் அபராதமும், மேலாளருக்கு ஒரு ஆட்டத் தடை. பேட்டரைக் குறிவைத்து வேண்டுமென்றே எறிவது எழுதிய விதியிலேயே தெளிவாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. எழுதாத விதியைக் காப்பாற்ற எழுதிய விதியை மீறுவது எப்படிச் சரியாகும் என்று எனக்கு விளங்கவில்லை.

முன்பு இதற்கு ஒரு கடிவாளமாவது இருந்தது. மேஜர் லீக் என்பது நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்ற இரண்டு பிரிவுகள். நேஷனல் லீக்கில் பிட்சரும் மட்டை பிடித்து ஆட வர வேண்டும். அடுத்தவர்மேல் எறிந்தவர் சற்று நேரத்தில் தானே எதிரணி பிட்சர் முன்னால் நிற்பார். அமெரிக்கன் லீக் 1973-லேயே பிட்சருக்குப் பதிலாக ஆட ஒரு மாற்று பேட்டரைக் கொண்டுவந்துவிட்டது. 2020-இல் அந்த மாற்று தற்காலிகமாகவும், 2022 முதல் நிரந்தரமாகவும் இரண்டு லீக்குக்கும் வந்தது. இப்போது எறிகிறவர் ஒருவர், அடி வாங்குகிறவர் எப்போதும் இன்னொருவர்.

ஒரு தேதி

இதைத் தனித் தலைப்பில் வைக்கக் காரணம் இருக்கிறது. அந்த ஆட்டம் நடந்த நாளுக்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1920 ஆகஸ்ட் 17 அதிகாலையில், கிளீவ்லாந்து ஷார்ட்ஸ்டாப் ரே சாப்மன் நியூயார்க் மருத்துவமனையில் இறந்தார். முந்தைய நாள் போலோ கிரவுண்ட்ஸ் அரங்கில் கார்ல் மேஸ் எறிந்த பந்து அவர் தலையில் பட்டிருந்தது. மேஜர் லீக் ஆட்டத்தில் பந்து பட்டு இறந்த வீரர் அவர் ஒருவர்தான். அது பழிவாங்கல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பந்து உடம்பில் பட்டால் என்ன ஆகும் என்பது இந்த ஆட்டத்துக்கு நூறு ஆண்டுகளாகத் தெரியும். 1967 ஆகஸ்ட் 18 அன்று பாஸ்டனின் இளம் நட்சத்திரம் டோனி கனிலியாரோவின் கன்னத்தில் பந்து பட்டு, அவர் பார்வையே பாதிக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் ஹெல்மெட் கட்டாயமானது 1971-இல்தான்.

இந்த இரண்டு பெயரையும் அறிந்த ஒருவர், மரியாதையைக் காப்பாற்றுவதற்காக ஒரு மனிதரின் முதுகுக்குப் பின்னால் பந்தை எறிவதை 'ஆட்டத்தின் பண்பாடு' என்று சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

பின்னர் நடந்தது

அடுத்த நாளே காற்று மாறியது. ஜானி பெஞ்ச், ரெஜி ஜாக்சன் போன்ற பழைய பெரும் வீரர்களே இளைஞருக்கு ஆதரவாகப் பேசினார்கள். பழைய தலைமுறை முழுக்க ஒரு பக்கம், புதிய தலைமுறை முழுக்க மறுபக்கம் என்று பிரித்துவிட முடியாது என்பதற்கு இது சான்று.

களத்தில் நடந்தது அதைவிடப் பெரியது. செவ்வாய்க்கிழமை ஆர்லிங்டனில் பாட்ரெஸ் வீரர் இன்னொருவர் கிராண்ட் ஸ்லாம் அடித்தார். புதன்கிழமை இரு அணிகளும் சான் டியேகோவில் ஆடின. முதுகுக்குப் பின்னால் பந்தைச் சந்தித்த அதே வீரர் பத்தாவது இன்னிங்ஸில் கிராண்ட் ஸ்லாம் அடித்து ஆட்டத்தை முடித்து வைத்தார். வியாழக்கிழமை நான்காவது. தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் கிராண்ட் ஸ்லாம் அடித்த அணி அதற்கு முன் மேஜர் லீக்கில் இருந்ததில்லை. நான்கும் ரேஞ்சர்ஸுக்கு எதிராக. அந்தப் பருவத்தில் பாட்ரெஸ் 37 வெற்றி, 23 தோல்வியுடன் 2006-க்குப் பிறகு முதல் முறையாகப் பிளேஆஃபுக்குப் போனது. ரேஞ்சர்ஸ் 22-38. அடுத்த பிப்ரவரியில் அந்த இளைஞர் 14 ஆண்டுகளுக்கு 34 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

ஒன்பது மாதம் கழித்து, மினியாபொலிஸில்

இத்தோடு முடிந்திருந்தால் எல்லாரும் பாடம் கற்றுக்கொண்டார்கள் என்று எழுதியிருப்பேன். 2021 மே 17 அன்று சிகாகோ வைட் சாக்ஸ் அணி மினசோட்டா ட்வின்ஸை 15-4 என்று வீழ்த்திக்கொண்டிருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் ட்வின்ஸ், தங்கள் பிட்சர்களைக் காப்பாற்ற, பிட்சரே அல்லாத ஒரு வீரரை எறிய விட்டது. மறுபடியும் மூன்று பால், ஸ்ட்ரைக் இல்லை. மணிக்கு 76 கிலோமீட்டர் வேகத்தில் மிதந்து வந்த பந்தை வைட் சாக்ஸ் அறிமுக வீரர் ஹோம் ரன்னாக்கினார். அவர் 28 வயது வரை சிறு லீக்குகளில் காத்திருந்து மேலே வந்தவர். அந்தப் பருவத்தை வரிசையாக எட்டு ஹிட்டுடன் தொடங்கி எல்லாரையும் வியக்க வைத்தவர்.

இங்கே பாட்ரெஸ் மேலாளர் மென்மையாகச் செய்ததை வைட் சாக்ஸ் மேலாளர் கடுமையாகச் செய்தார். சைகையை மீறினார், இதற்குக் குடும்பத்துக்குள் விளைவு உண்டு என்று பகிரங்கமாகச் சொன்னார். மறுநாள் ட்வின்ஸ் பிட்சர் அந்த வீரரின் பின்னால் பந்தை எறிந்தார். அதில் தனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை என்ற பாணியில் பேசியதும் அவருடைய சொந்த மேலாளர்தான். லீக் மறுபடியும் எறிந்தவருக்கு மூன்று ஆட்டம், ட்வின்ஸ் மேலாளருக்கு ஒரு ஆட்டம் தடை போட்டது. அணித் தோழர்கள் சிலர் வெளிப்படையாகவே அந்த வீரரின் பக்கம் நின்றார்கள்.

அதன் பிறகு அவர் ஆட்டம் சரிந்தது. ஜூலை தொடக்கத்தில் கீழ் லீக்குக்கு அனுப்பப்பட்டார். அதே மாதம் பேஸ்பாலை விட்டு விலகுகிறேன் என்று அறிவித்து, மறுநாளே திரும்பி வந்தார். மேலாளரின் பேச்சுதான் காரணம் என்று யாரும் நிறுவ முடியாது. புதிய பேட்டர்களைப் பிட்சர்கள் சில வாரங்களில் படித்துவிடுவது சாதாரணம். ஆனாலும், தன் முதுகுக்குப் பின்னால் பந்து போன நாளில் தன் மேலாளர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை ஒரு வீரர் மறந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

எதை மாற்ற வேண்டும்

முதலாவது, இரக்கத்தை மேலாளர்கள் கையில் வைக்க வேண்டும். முன்னிலையில் இருக்கும் மேலாளருக்கு ஆட்டம் முடிந்துவிட்டது என்று தோன்றினால் முதன்மை வீரர்களை உட்கார வைத்து மாற்று வீரர்களை இறக்கலாம். அந்தச் செய்தி எதிர் டக்அவுட்டுக்கு எந்தச் சைகையையும்விடத் தெளிவாகப் போய்ச் சேரும். களத்தில் நிற்கிற மாற்று வீரரோ தன் வேலையைக் காப்பாற்ற ஆடுகிறார். அவரிடம் 'அடிக்காதே' என்று கேட்பது நியாயமில்லை. ஒவ்வொரு ஹிட்டும் அவர் அடுத்த ஆண்டுச் சம்பளம்.

இரண்டாவது, எழுதக்கூடியதை எழுதிவிட வேண்டும். பிட்சர் அல்லாதவரை எப்போது எறிய விடலாம் என்பது எழுத்தில் இருக்கிறது, 2023-இல் அது இன்னும் கடுமையாக்கப்பட்டது. கூடுதல் இன்னிங்ஸைத் தவிர்த்தால், தோற்கிற அணி எட்டு ரன்னாவது பின்தங்கியிருக்க வேண்டும், ஜெயிக்கிற அணி ஒன்பதாவது இன்னிங்ஸில் பத்து ரன்னாவது முன்னிலையில் இருக்க வேண்டும். ஆட்டம் எப்போது கைநழுவியதாகக் கருதலாம் என்பதற்கு இங்கே ஒரு எண் எழுத்தில் இருக்கிறது. கிரிக்கெட்டில் நமக்கு இது பழகிய கதை. 2019-இல் ஜெய்ப்பூரில், பந்து வீசும் முன்பே கோட்டைத் தாண்டிய பட்லரை அஸ்வின் எறிமுனையில் ரன் அவுட் செய்தபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கும். 2022-இல் கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசி அந்த விதியை 'முறையற்ற ஆட்டம்' என்ற பிரிவிலிருந்து 'ரன் அவுட்' பிரிவுக்கு மாற்றியது. விவாதம் தீரவில்லை, ஆனால் இனி அதைச் செய்கிறவரை விதியே ஏமாற்றுக்காரர் வரிசையில் வைக்காது.

மூன்றாவது, தடையின் அளவு. மூன்று ஆட்டத் தடை என்பது மாற்று பிட்சர் ஒருவருக்குப் பெரும்பாலும் ஓய்வு நாட்கள்தான். அவர் தினமும் ஆடுவதில்லை. மேலாளருக்கு ஒரு ஆட்டம் என்பது ஒரு மாலை. பந்து படாமல் போனது எறிந்தவரின் நல்லெண்ணத்தாலா, பேட்டரின் அதிர்ஷ்டத்தாலா என்று லீக்குக்குத் தெரியாது. ஆகவே பட்டதா இல்லையா என்று பார்க்காமல், குறிவைத்ததற்கே கனமான தடை வேண்டும். எறியச் சொன்னவருக்கோ, சொல்லாமல் அனுமதித்தவருக்கோ எறிந்தவரைவிடக் கூடுதலாக.

நான்காவது, அடுத்த முறை ஒரு இளைஞர் சைகையைத் தவறவிட்டால் அவருடைய மேலாளர் ஊடகங்களிடம் பேச வேண்டிய வரிசை. முதலில் தன் வீரரை நோக்கி எறிந்த பந்து. பிறகு ஆட்டம். சைகை பற்றிக் கேட்டால், அது எங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியது என்ற ஒரு வாக்கியம். மீதியை மறுநாள் காலை மட்டைப் பயிற்சிக்கு முன் அந்த இளைஞருடன் தனியே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.